மூன்று முறை மலேரியா வந்த உடம்புக்கு மறுபடியும் வருமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. பால்மரம் வெட்டிய காலத்தில் மூன்று தடவை மலேரியா வந்து பிழைத்தவர். இப்போது காட்டோர டுரியான் தோட்டத்தில் இரவுக் காவல், படுக்கையும் குடிசையில்தான். குரங்குகள் நிறைய. இரண்டு நாளாகக் காய்ச்சல். “மலேரியான்னா ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும், இது தினமும் அடிக்குது. அதோட என் ரத்தம் அதுக்குப் பழகிப்போச்சு” என்று கிளினிக்குக்கு வர மறுக்கிறார். மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே, பணம் கொடுத்தால் போடுவார்களா?

பதில்: அப்பாவை இன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

தினமும் அடிக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. அப்பா காலத்து முறைக்காய்ச்சல் 48 மணி நேரக் கணக்கில் வந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் அந்த மலேரியா, உள்நாட்டுத் தொற்று என்ற அளவில், மலேசியாவில் 2018இல் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. இப்போது இங்கே பிடிப்பது பெரும்பாலும் குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெசி. நீளவால் குரங்கிடமும், தேங்காய் பறிக்கப் பழக்குகிற பெரூக்கிடமும் இருக்கும் கிருமி அது. காட்டுக் கொசு வழியாக நமக்கு வருகிறது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் காய்ச்சல் தினமும் வரும், நிலைமையும் வேகமாக முற்றும்.

‘ரத்தம் பழகிப்போச்சு’ என்பதில் பாதி உண்மை உண்டு. மலேரியா ஓயாத ஆப்பிரிக்க ஊர்களில் பெரியவர்கள் ரத்தத்தில் கிருமியோடு காய்ச்சலே இல்லாமல் நடமாடுவார்கள். 1961இல் காம்பியாவில் அப்படிப்பட்ட பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றியபோது, கிருமிகளின் எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது. ஆனால் இந்த எதிர்ப்பு கிருமியை உள்ளே விடாமல் தடுப்பதில்லை. உள்ளே வந்ததைக் குறைத்து வைக்கும், அவ்வளவுதான். அதைச் சம்பாதிக்கவே பல வருடம் ஆகும். மனித மலேரியாவிலேயே கொடிய வகையான ஃபால்சிபாரம் கிருமியிடம் மேல்சட்டையை மாற்றிக்கொள்ள மட்டும் ஏறக்குறைய 60 மரபணுக்கள் இருக்கின்றன. உடம்பு ஒன்றை அடையாளம் கண்டுகொள்வதற்குள் அது வேறொன்றை மாட்டிக்கொள்ளும். கொசுக்கடி நின்று சில வருடம் போனால் சம்பாதித்ததும் தேய்ந்துவிடும். ஆப்பிரிக்காவை விட்டு வெளிநாட்டில் தங்கியவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது படுத்துவிடுவது அதனால்தான். அப்பாவுக்கு வந்ததோ எத்தனையோ வருடம் முன்பு, அநேகமாக வேறு வகை. போதாக்குறைக்கு, மலேசியாவின் சபா மாநிலத்தில் நோலெசி முற்றிப்போனது வயதானவர்களிடம் அதிகம்.

தடுப்பூசி வந்தது உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் ஆர்21 என இரண்டைப் பரிந்துரைத்தது. இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை; ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நான்கு ஊசி, பெரும்பாலும் ஆப்பிரிக்காவில். கொசு கடித்து உள்ளே விடும் கிருமிகள் மிகக் கொஞ்சம், அவையும் சீக்கிரமே கல்லீரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தக் கட்டத்தில் அவற்றை அடையாளம் காண உடம்பு சரியாகக் கற்றுக்கொள்வதே இல்லை. இயற்கை கோட்டைவிட்ட அந்த இடத்தில்தான் தடுப்பூசி காவல் வைக்கிறது. அதற்கு எதிர்ப்புப் புரதம் ஏராளமாக வேண்டும், அது மாதக்கணக்கில் வடிந்துவிடும். நான்கு ஊசி போட்டும் ஆர்டிஎஸ்,எஸ் பெரிய ஆய்வில் நான்கு ஆண்டுகளில் மலேரியாவைக் குறைத்தது சுமார் 36 விழுக்காடுதான். அதுவே அங்கே ஏராளமான குழந்தைகளின் உயிர். நோலெசிக்குத் தடுப்பூசி கிடையாது. யாராவது போடுகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

டாக்டரிடம் ‘காட்டோரத்தில் இரவு தங்குகிறார், குரங்கு உண்டு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டிங்கி பரிசோதனையோடு விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. மலேரியாவுக்கு ரத்தப்பூச்சு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உடனடி முடிவு காட்டும் அட்டைப் பரிசோதனை நோலெசியைத் தவறவிடலாம். முதல் நாள் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்தடுத்த நாட்களிலும் எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், மஞ்சள் கண், சிறுநீர் குறைவு, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். ஆர்ட்டிமிசினின் சேர்ந்த மாத்திரைகளை நேரத்தில் கொடுத்தால் நோலெசி நன்றாகவே கேட்கும். இது கல்லீரலில் பதுங்கி மாதங்கள் கழித்து எழும் வகையும் இல்லை.

குணமான பிறகும் குடிசைக்குப் போவேன் என்பார், டுரியான் சீசனில் யார் தடுத்து நிறுத்த முடியும்? இந்தக் கொசு பொழுது சாய்ந்ததும் வெளியிலேயே கடிக்கும். வலை மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கொசு விரட்டி மருந்து மூன்றும் வேண்டும். அவருக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பினாலும் இதேதான்.