கீபோர்டை பார்சலில் அனுப்பலாமா?

கேள்வி: மகள் வாசிக்கும் 61 கட்டை இசைக் கீபோர்டைத் திருச்சியிலிருந்து பெங்களூருக்கு பார்சலில் அனுப்பணும். வாங்கியபோது வந்த பெட்டி இல்லை. எப்படிக் கட்டுவது?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக அனுப்பலாம். முதலில் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், வழியில் ஒழுகினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அரித்துப்போகும். பலரும் அடாப்டரைக் கட்டைகளின் மேலேயே வைத்துக் கட்டிவிடுகிறார்கள்; வண்டி குலுங்கக் குலுங்க அது இடித்தே கட்டை உடைந்துவிடும், அதனால் தனியாகச் சுற்றி வேறு அட்டைப்பெட்டியில் போடுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் வால்யூம் குமிழ், சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீல் இரண்டையும் சுற்றி அவற்றைவிட உயரமாக ஃபோம் வைத்தால்தான் மேலே விழும் பாரம் அவற்றில் இறங்காது. அப்புறம் பபிள் ஷீட் மூன்று சுற்று, இரு முனைகளிலும் தடித்த தெர்மாகோல் வைத்து, கீபோர்டு கொள்ளும் அட்டைப்பெட்டியில் இறக்குங்கள். மூடியபின் பெட்டியை ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் இன்னும் அடைக்க வேண்டும். ‘உடையும் பொருள்’ ஸ்டிக்கரை மட்டும் நம்பி அனுப்பிவிடாதீர்கள்.