வேலூர் ஜெயிலில் இருந்த அம்மையார்

வணக்கம் ஐயா. போன வாரம் மார்கரெட் கசின்ஸ் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள், இங்கே பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்தவர்களில் ஒருவர் என்று. என் ஆயா குடியாத்தத்தில் கடைசி வரை பீடி சுற்றியவர். அவருடைய அம்மாவுக்கு 1921-ல் ஓட்டு இருந்ததா? சொத்துள்ள வீட்டுப் பெண்களுக்குத்தானே கிடைத்தது? இதை நாம் எதற்குக் கொண்டாட வேண்டும்?
வாசகி, குடியாத்தம்

வணக்கம்மா,

இருந்திருக்காது. அன்று ஆண்களிலேயே நிலவரி, வீட்டு வரி என்று ஏதாவது கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னை சட்டசபை சொன்னதெல்லாம், அந்தத் தகுதி உள்ள ஒருவரைப் பெண் என்பதற்காகத் தள்ளிவைக்க மாட்டோம் என்பதுதான். சொத்து யார் பேரில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் நாமே முதல் என்று பெருமை பேசுகிறோம், சரி, ஆனால் ஓட்டு கிடைத்த பெண்கள் சொற்பம்.

அதற்கே என்ன பாடு! அயர்லாந்திலிருந்து வந்த கசின்ஸ் 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த டிசம்பரில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது அவரைச் சந்திக்கப் பெண்கள் தூதுக்குழு போக ஏற்பாடு செய்தார், தலைமை சரோஜினி நாயுடு. ஆண்களுக்கு என்ன விதியோ அதையே எங்களுக்கும் வையுங்கள் என்று கேட்டார்கள். யாருக்கெல்லாம் ஓட்டு என்று ஆராய அரசு அமைத்த சவுத்பரோ கமிட்டி இன்னும் காலம் வரவில்லை என்று கைவிரித்தது, லண்டன் மாகாணங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அந்த நேரத்தில் அதற்கு மேல் கேட்டிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். பீடி சுற்றுகிறவளைக் கணக்கில் எடுக்கவில்லையே என்ற உங்கள் கோபமும் நியாயம்தான்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1930-களில் சொத்துள்ளவரின் மனைவிக்கும் ஓட்டுத் தரலாம் என்று லண்டனில் பேச்சு வந்தபோது, கசின்ஸும் முத்துலட்சுமி ரெட்டியும் வளர்த்த மாதர் சங்கங்கள் புருஷன் சொத்தை வைத்து எங்களை அளக்காதீர்கள், வயது வந்த எல்லோருக்கும் கொடுங்கள் என்றன. உங்கள் ஆயாவின் அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்டது அப்போதுதான். 1935 சட்டம் அதைக் காதில் வாங்கவில்லை, மனைவிக் கணக்கையே சேர்த்துக்கொண்டது.

அப்புறம் நம்ம ஊர் விஷயம். பெண்கள் ஓட்டுக்காக 1910-ல் லண்டன் ஹாலோவே சிறை, 1913-ல் அயர்லாந்தின் டல்லமோர் சிறை (அங்கே உண்ணாவிரதம் வேறு) என்று இரண்டு முறை உள்ளே போன கசின்ஸ், 1932 முடிவில், 54 வயதில், ஆங்கில அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர் பெண்கள் சிறைக்கு வந்தார். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைத் தெரியாதவர் இல்லை, அது நல்லதுதான். தொரப்பாடி ஜெயிலைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறோம், கசின்ஸ் பேரைச் சொன்னால் யார் என்று கேட்கிறோம். ஒரு தெருவுக்காவது அவர் பேரை வைக்கலாம்.

1943-ல் பக்கவாதத்தில் விழுந்தார், 1954-ல் இறந்தார். இடையில், எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த முதல் பொதுத்தேர்தலையும் பார்த்துவிட்டார். அதிலும், முக்கியமாக வடக்கே, தன் பேரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டி வந்தது.

உங்கள் ஆயாவுக்கு 1952-ல் 21 வயது ஆகியிருந்தால் அவர் ஓட்டுப் போட்டாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள்.