பதிலுக்கு முந்தைய முந்நூறு பக்கங்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 46. திருச்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஒரே மகள் சென்னையில் விடுதியில் தங்கி வரலாறு படிக்கிறாள். நான் கேட்க வந்தது ஒரு பழக்கத்தைப் பற்றி. இதுவரை யாரிடமும் மனம்விட்டுச் சொன்னதில்லை.

கல்லூரி நாட்களில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கேதான் ஜார்ஜெட் ஹேயர் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல்கள் கிடைத்தன. பழுப்பேறிய தாள், அட்டை கழன்று, நூலகக்காரர் கோணி ஊசியால் தைத்து வைத்திருப்பார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்துதான் கதைக்களம். குதிரை வண்டிகள், நடனக்கூடங்கள், அரக்கு முத்திரையிட்ட கடிதங்கள். நாயகனும் நாயகியும் புத்தகம் முழுக்க வாதாடுவார்கள், சிரிப்பார்கள், பிரிவார்கள். முத்தம் என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான். அன்று பிடித்த அந்த ருசி இன்றுவரை விடவில்லை. இப்போது அதே வகை நாவல்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு உளுந்து ஊறவைத்து, பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தி முடித்தபின் இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு அந்த உலகம்தான்.

ஆறு மாதங்களாக மனம் சரியில்லை. முதல் காரணம், உடன் பணியாற்றும் ஓர் ஆசிரியை. இதே காலத்துக் கதை என்று சொல்லி ஒரு புது நாவலைக் கொடுத்தார். மூன்றாவது அத்தியாயத்திலேயே படுக்கையறை. என்னால் தொடர முடியவில்லை. திருப்பிக் கொடுத்தபோது, "இருபது வயதுப் பிள்ளைக்கு அம்மாவான பிறகும் இப்படிக் கட்டுப்பெட்டியாக இருக்கிறீர்களே" என்றார். எனக்குள் ஏதோ கோளாறு இருக்கிறதோ என்ற எண்ணம் அன்றிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று மகள் சொன்னது. விடுமுறைக்கு வந்திருந்தவள் என் கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801. வேலூர்க் கோட்டையில் நம் சிப்பாய்களைக் கொன்று குவித்தது 1806. நீங்கள் உருகிக்கொண்டிருக்கும் பிரபுக்களின் காலம் 1811இல் தொடங்குகிறது. அந்த நடனக்கூடத்து மெழுகுவத்தி யாருடைய பணத்தில் எரிந்தது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது நியாயம் என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

கணவர் நல்லவர். குடிப்பழக்கம் இல்லை, குரல் உயர்த்திப் பேசியதும் இல்லை. பஜ்ஜி, சொஜ்ஜியோடு பெண் பார்க்க வந்தார்கள். நான் சமையலறைக்குத் திரும்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அப்பா சம்மதம் சொல்லிவிட்டார். 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மாதம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து, "ஓய்வுக்குப் பிறகு அங்கேதான், தையில் பத்திரப் பதிவு" என்றார். சரி என்றேன். அன்றிரவு இரண்டு மணிவரை நாவல் படித்தேன்.

இந்தக் கதைகள் என்னை வாழ்க்கையிலிருந்து ஓடவைக்கின்றனவா? கணவரோடு யாரையோ ஒப்பிட்டு ஏங்கவைக்கின்றனவா? நிறுத்திவிட வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நிறுத்த வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றிரவு குற்ற உணர்ச்சியில்லாமல் படிப்பீர்கள் அல்லவா?

கட்டுப்பெட்டி என்ற சொல்லைத் தூக்கி எறியுங்கள். படுக்கையறைக் காட்சி பிடிக்காதது நோய் அல்ல. ஒருவருக்குக் காரம் பிடிக்கிறது, ஒருவருக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட காட்சிகளைப் படிக்கும்போது உடல் நடுங்குகிறது, பழைய சம்பவம் ஏதோ கண்முன் வருகிறது என்றால் மட்டும் நேரில் வாருங்கள், பேசுவோம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை.

தொடுதல் குறைவாக இருக்கும் கதையில் மற்றவை எல்லாம் பேசத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் காலத்து லண்டனில் ஒரே பெண்ணோடு ஓர் இரவில் இரண்டு முறைக்கு மேல் நடனமாடினால் ஊர் பேசும். அதனால் மூன்றாவது நடனத்துக்கு அவன் கை நீட்டினால் அது ஓர் அறிவிப்பு. கழற்றிய கையுறைக்குப் பொருள் உண்டு, பதில் வராத கடிதத்துக்கும் உண்டு. இந்த ருசி நமக்குப் புதிதல்ல. கல்கியின் வந்தியத்தேவனும் குந்தவையும் எப்படிக் காதலித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஓலை கொண்டுபோவதும் செய்தி கொண்டுவருவதும், இடையில் சில சொற்களும்தான். ஐந்து பாகங்களையும் தமிழ்நாடு அதற்காகவும்தான் மறுபடி மறுபடி படித்தது.

ஓடி ஒளிவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹேயரின் முதல் நாவல் 1921இல் வந்தது, அப்போது அவருக்கு 19 வயது. நோயுற்றிருந்த தம்பிக்கு ஆறுதலாகச் சொல்லத் தொடங்கிய கதை அது. பிற்காலத்தில் ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண்மணியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. சிறையில் கழிந்த 12 ஆண்டுகளும் 'ஃபிரைடேஸ் சைல்டு' என்ற ஹேயர் நாவலின் கதையைச் சக கைதிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி, தன் மனமும் அவர்கள் மனமும் பிறழாமல் காத்ததாக அவர் எழுதியிருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அந்தப் பெண்கள் ஓடிப்போக இடமே இல்லை. நாளை விடியும்வரை தாக்குப்பிடிக்க ஒரு கதை இருந்தது.

அமெரிக்காவில் ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளிடம் பேசி 1984இல் ஒரு நூல் எழுதினார். கதை எப்படி என்பதைவிட, படிக்கும் நேரம் தங்களுக்கே உரியது என்பதைத்தான் அந்தப் பெண்கள் அழுத்திச் சொன்னார்கள். கையில் புத்தகம் இருக்கும்போது தண்ணீர் கொடு, சட்டை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. முடிவு இனிமையானதுதானா என்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துக்கொள்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் விரும்பிய நாயகனிடம் இருக்க வேண்டிய குணங்களில் முக்கியமானது கனிவு. உங்கள் பத்தரை மணிக்கும் அவர்களுடைய மதியத்துக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் மகள். அவர் சொன்னது முழுக்க உண்மை, அதை மழுப்பாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தோடு இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் இங்கிலாந்தில் மாளிகை கட்டினார்கள். நாயகிகள் உடுத்திய மெல்லிய வெள்ளை மஸ்லினின் புகழ் வங்காளத்துத் தறிகளில் பிறந்தது. தேநீரில் கரைந்த சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. அடிமை வணிகத்தை 1807இல் தடை செய்தார்களே தவிர, தங்கள் குடியேற்றங்களில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்து எழுதிய ஜேன் ஆஸ்டினுக்கு இது தெரியும். 1814இல் வந்த அவருடைய 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில் வீட்டுத் தலைவருக்கு ஆன்டிகுவா தீவில் சொத்து இருக்கிறது. அவரை அண்டி வாழும் ஃபேனி என்ற ஏழைப் பெண் ஒரு மாலையில் அடிமை வணிகத்தைப் பற்றி அவரிடம் கேட்கிறாள். அறையில் இருந்த மற்ற யாரும் வாய் திறக்கவில்லை.

அதே ஃபேனியைத்தான் பிறகு ஒரு பணக்கார இளைஞன் மணக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். பெரியப்பா முறையான அந்த வீட்டுத் தலைவர் அவள் அறைக்கே வந்து நின்று, நன்றி கெட்டவள், பிடிவாதக்காரி என்கிறார். குளிர்காலத்திலும் தீ மூட்டித் தராத அறை அது. அவள் அழுகிறாள், ஆனால் மாட்டேன் என்ற சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் மகள் தேடுவதும் நீங்கள் தேடுவதும் இந்த ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் இருவரும் சேர்ந்து படியுங்கள். அவரிடம் தோற்றுவிட்டதாக நினைக்காமல், "நீ சொன்னது சரி, நான் தேடுவதையும் கேள்" என்று தொடங்குங்கள்.

நீங்கள் தேடுவது என்ன? உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நீங்கள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பதில் சொல்லப்பட்டுவிட்டது. 23 ஆண்டுகளுக்குப் பிறகும் கையில் எந்தப் பாத்திரம் இருந்தது என்று நினைவிருக்கிறது.

நீங்கள் விரும்பும் நாவல்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஒரு கேள்வியை நோக்கி நகர்கின்றன: என்னை மணக்கச் சம்மதமா? ஒருவன் அவளிடமே வந்து கேட்கிறான், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான், அவள் மாட்டேன் என்றால் திரும்பிப் போகிறான். அந்தக் காலத்துச் சட்டத்தை உங்கள் மகள் இன்னும் நன்றாக விளக்குவார். திருமணமான பெண்ணுக்கு இங்கிலாந்தில் தனிச் சட்ட உரிமையே கிடையாது. முன்கூட்டியே பத்திரம் எழுதிப் பாதுகாத்தால் ஒழிய அவள் கைப்பணம் கணவனுடையது. அந்த நிலை மாறத் தொடங்கியது 1870லும் 1882லும் வந்த சொத்துச் சட்டங்களால்தான். ஆக, ஒரு பெண்ணின் சொல்லுக்கு முழு எடை இருந்தது சம்மதம் சொல்வதற்கு முந்தைய அந்தச் சில வாரங்களில் மட்டும். இவ்வகைக் கதாசிரியர்கள் அந்தச் சில வாரங்களை எடுத்து முந்நூறு பக்கங்களுக்கு நீட்டுகிறார்கள், மணக்கோலத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கல்லூரி நாளிலிருந்து உங்களை ஈர்த்தவர் எந்தப் பிரபுவும் அல்ல என்று நினைக்கிறேன். அங்கே பெண்ணிடம் கேட்கிறார்கள். படுக்கையறையை நோக்கி ஓடும் கதை உங்களுக்கு ஏன் உவப்பாக இல்லை என்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். நீங்கள் நின்று பார்க்க விரும்பும் இடத்தை அது அவசரமாகத் தாண்டிவிடுகிறது.

கணவரோடு யாரையும் ஒப்பிடவில்லை நீங்கள். அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் கேட்கும் பழக்கம் இல்லாமல் போகலாம். சரி என்ற பதிலை மட்டுமே 23 ஆண்டுகளாகக் கேட்டுவந்தவருக்கு, கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் போயிருக்கலாம். உங்கள்மேல் பழி போடவில்லை. அந்தக் கூடத்தில் யாரும் உங்களுக்கும் கற்றுக்கொடுக்கவில்லை, அவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

கும்பகோணம் உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நீங்கள் எழுதவில்லை. முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். திருச்சியில் விட்டுப்போக மனம் வராதவை எவை, அங்கே போனால் கிடைக்கக்கூடியவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, சாப்பாட்டு வேளை தவிர்த்து, அவர் சாவகாசமாக இருக்கும் ஒரு மாலையில் சொல்லுங்கள்: "மனை விஷயத்தில் அன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அது யோசிக்காமல் சொன்னது. எனக்கு இரண்டு வாரம் வேண்டும். அதற்குமுன் நீங்கள் ஒருமுறை என்னிடம் கேளுங்கள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் என்றே சொல்லலாம். அது வேறு சம்மதம். முன்பணம் போய்விடுமே என்று அவர் தயங்கினால், அதையும் கணக்கில் சேர்த்து இருவரும் பேசுங்கள். கணக்கு ஆசிரியை நீங்கள், அந்தப் பேச்சு உங்களுக்குக் கைவந்தது.

பதிவு தையில் என்றால் நாள் இருக்கிறது. ஆனால் மார்கழிவரை தள்ளிப்போடாதீர்கள். அவர் கேட்டாரா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்