கொதிகலன் வடிவமைப்பு: முதலில் குழாயை இழுக்க இடம் விடுங்கள்

வணக்கம். நீங்கள் வடிவமைக்கும், சூடான புகை குழாய்களுக்குள் போய்ச் சுற்றியுள்ள நீரைக் கொதிக்கவைக்கும் சிறிய தீக்குழாய் கொதிகலனைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் எளிதாக எதை மாற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விவரப்படி, முன்கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருக்கிறது. அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். குழாய் மாற்றும்போது பழையதை நேராக வெளியே இழுக்க வேண்டும். குழாயின் நீளத்துக்காவது வெற்றிடம் வேண்டும், அல்லது கதவுக்கு நேரே சுவரில் ஒரு திறப்பாவது வேண்டும்.

குழாய் முனைகளை, அவற்றைத் தாங்கும் தகட்டில் எக்ஸ்பாண்டர் (குழாயை உள்ளிருந்து விரிக்கும் கருவி) வைத்து விரித்துப் பொருத்துங்கள். லேசான கசிவென்றால் பெரும்பாலும் மறுபடி விரித்தாலே நின்றுவிடும். முழுக்க வெல்டிங் செய்தால், ஒவ்வொரு முறையும் தேய்த்தெடுத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், நீர்மட்டக் கண்ணாடிக்கும் குறைநீர்க் கட்டுப்பாட்டுக்கும் (நீர் குறைந்தால் தீயை நிறுத்தும் கருவி) போகும் இணைப்புகள். அங்கே எல்போ (முழங்கை போல வளைந்த இணைப்பு) போடாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான்கு வாய் கிராஸ் போட்டு, மீதி இரண்டு வாய்களையும் பிளக்கால் அடைத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றினால் உள்ளே கம்பி விட்டுச் சேற்றைக் குத்தி எடுக்கலாம். இந்த வழி அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் மட்டம் காட்டும், உள்ளே தண்ணீர் வற்றியிருப்பதே தெரியாது. செலவு பார்க்கக் கூடாத இடம் இது.

சேற்று நீரை வெளியே விடும் புளோடவுன் வால்வு அடிமட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மேலேயே, படிவு சேரும் இடத்துக்கு நேராக, கைத்துளைகள் (கை விட்டுச் சுத்தம் செய்ய, மூடியுள்ள துளைகள்) வையுங்கள். பாதுகாப்பு வால்வுக்கும் கொதிகலனுக்கும் நடுவே எந்த வால்வும் கூடாது. வெட்டத் தொடங்கும் முன் வரைபடத்துக்குக் கொதிகலன் ஆய்வாளரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.