டியூனரைச் செருகுவதற்கு முன்: பைக் ஈசியூ கேள்வி பதில்

கம்பத்தில் பட்டறை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. முதல் பாதி கார்புரேட்டர் ஜெட் மாற்றுவதிலேயே போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்து, இன்ஜெக்‌ஷன் வண்டிகளே எங்கும் ஆனபிறகு கேள்விகளே மாறிவிட்டன. குமுளி, வண்டிப்பெரியாறு, போடி, மூணாறு பக்கமிருந்து கையடக்க டியூனர் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, டியூனர் வண்டிக்குள் என்னதான் செய்கிறது? பவரை அதுவா கூட்டுகிறது? (உத்தமபாளையம்)

இல்லை தம்பி. ஈசியூ என்பது எஞ்சினை நடத்துகிற சின்னக் கணினி. அதற்குள் அட்டவணைகள் இருக்கின்றன. இத்தனை ஆர்பிஎம், த்ராட்டில் இவ்வளவு திறந்திருக்கிறது என்றால் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் பெட்ரோல் விட வேண்டும் என்று ஒன்று. பிஸ்டன் மேலே வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விட வேண்டும் என்று இன்னொன்று. ரெவ் லிமிட், ஐட்லிங், ஃபேன் ஓட வேண்டிய சூடு எல்லாமே அங்கேதான் எழுதியிருக்கும். இதைத்தான் மேப் என்கிறோம். டியூனர் அந்த மேப்பைப் படிக்கும், சேமிக்கும், புதியதை எழுதும். அவ்வளவுதான் அதன் வேலை. எழுதுகிற மேப் உங்கள் வண்டிக்குப் பொருந்தியதா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது நாம்.

பிக்கிபேக் பெட்டியும் இதுவும் ஒன்றா?

வேறு. பெங்களூர் ரேஸ் டைனமிக்ஸின் ஃபியூயல்எக்ஸ், பவர்ட்ரானிக் போன்றவை ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்துபவை. ஈசியூவுக்குள் ஒரு எழுத்தும் மாறாது, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். முதல்முறை கை வைப்பவருக்கு இது பயமில்லாத வழி. ஃபிளாஷ் என்பது உள்ளேயே எழுதுவது. இக்னிஷன், லிமிட்டர் எல்லாவற்றையும் தொடலாம், தவறினால் விலையும் அதிகம்.

650 இன்டர்செப்டரில் ஸ்லிப்-ஆன் சைலன்சர் மாட்டினேன். உடனே ஃபிளாஷ் செய்யாவிட்டால் லீனாக (பெட்ரோல் குறைந்து, காற்று மிஞ்சி) ஓடி எஞ்சின் போய்விடும் என்கிறார்கள். (குமுளி)

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருந்த இடத்திலேயே இருந்து, சைலன்சரின் கடைசிப் பகுதி மட்டும் மாறியிருந்தால் அவசரப்பட வேண்டாம். சாதாரண ஓட்டத்தில் சென்சார் பார்த்து ஈசியூவே பெட்ரோலைச் சரி செய்துகொள்ளும். முழு த்ராட்டிலில் மட்டும்தான் அது சென்சாரைக் கேட்காமல் அட்டவணைப்படி ஓடும். ஒரு ஸ்லிப்-ஆன் அங்கே ஏற்படுத்தும் வித்தியாசம் சிறியது. ஏர் ஃபில்டரும் முழு எக்ஸாஸ்டும் சேர்ந்து மாறினால்தான் மேப் உண்மையிலேயே தேவைப்படும். சத்தம் கூடினால் பவர் கூடியதாகத் தோன்றும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பாதியில் கரண்ட் போனால் ஈசியூ செத்துவிடுமா? (நெடுங்கண்டம்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நானே பட்டிருக்கிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் குமுளியில் ஒரு வீட்டு வாசலில், நல்ல மழையில், ஒருவருடைய வண்டியை ஃபிளாஷ் செய்தேன். சாவியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேட்டரியை அளந்து பார்க்கவில்லை. பாதிக்கு மேல் எழுதிய நிலையில் மீட்டர் அணைந்தது, டியூனரில் தொடர்பு இல்லை என்று வந்தது. அந்த நிமிடம் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏலத்தோட்ட ஜீப் ஒன்றில் வண்டியை ஏற்றி மலை இறக்கினோம். அன்றிரவு முழுக்க பேட்டரியைச் சார்ஜ் போட்டேன். காலையில் டியூனரின் மீட்பு முறையில் திரும்ப எழுதியதும் ஸ்டார்ட் ஆனது. அவர் பணம் கொடுத்தார், நான் வாங்கவில்லை.

பிழைத்த காரணம் இது. ஈசியூ நினைவகத்தில் பூட் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. சாதாரண ஃபிளாஷில் அதை அழிப்பதில்லை. அது உயிரோடு இருந்தால் திரும்ப எழுதலாம். அதுவும் கெட்டுப்போனால் ஈசியூவைக் கழற்றி மேஜையில் வைத்து, நேரடியாகக் கம்பி கொடுத்து எழுத வேண்டும். அந்த வேலை எல்லாருக்கும் ஆகாது.

அதனால் சாவியைப் போட்ட நிலையில் பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்குத் தனி சுவிட்ச் கிடையாது. சில மாடலில் சாவி போட்டதுமே எரியும், ஃப்யூஸைப் பிடுங்கி வையுங்கள். பேட்டரி மெயின்டெய்னர் மாட்டலாம். ஆனால் லாரி பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரை மாட்டி ஃபிளாஷ் செய்யவே கூடாது, அதன் மின்சாரம் சீராக இருக்காது. கில் சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கட்டும். மழை, திறந்தவெளி, அவசரம் இந்த மூன்றில் எது இருந்தாலும் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

போடியில் நன்றாக இழுக்கிற வண்டி மூணாறு ஏறினால் சோர்ந்துவிடுகிறது. மலைக்குத் தனி மேப் போடலாமா? (சூரியநெல்லி)

வேண்டாம். மூணாறு 1,500 மீட்டர் உயரம். போடியோடு ஒப்பிட்டால் காற்றழுத்தமே எட்டில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொஞ்சம் ஈடு கட்டினாலும் பவர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இறங்கத்தான் செய்யும். இல்லாத காற்றை எந்த மேப்பாலும் கொண்டுவர முடியாது. கார்புரேட்டர் காலத்தில் மேலே போனால் பெட்ரோல் மிஞ்சிக் கறுப்புப் புகை வரும், ஜெட் மாற்றுவோம். இன்ஜெக்‌ஷனில் பிரஷர் சென்சார் அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஒன்று செய்யலாம். சில வண்டிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும்போதுதான் முக்கியமாக அளக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் நிற்காமல் ஏறிவிட்டு வண்டி முரண்டு பிடித்தால், போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்திச் சாவியை அணைத்துப் போடுங்கள். அங்கே சரியாகிவிட்டால் மேப்பில் தவறில்லை.

என் ஹார்லிக்கு அமெரிக்க மேப் ஒன்று நெட்டில் கிடைத்தது. அங்கேயும் 91 பெட்ரோல்தான் என்று போட்டிருக்கிறது. அப்படியே ஏற்றலாமா? (கம்பம்)

ஏற்றாதீர்கள் சார். 91 என்பது ஆக்டேன் எண், பெட்ரோல் தட்டாமல் தாங்கும் அளவு. அந்த 91 வேறு, நம் கணக்கில் சொல்லும் 91 வேறு. அங்கே இரண்டு விதமாக அளந்து சராசரி எடுத்து எழுதுகிறார்கள். நம் கணக்கில் அது 95, 96 ஆக்டேன் வரும். நம் 91 அவர்கள் கணக்கில் 87 பக்கம்தான். அந்த மேப்பில் பொறி விடும் நேரம் நல்ல பெட்ரோலை நம்பி முன்தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அதை ஏற்றி, ஆள் உட்கார வைத்து, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு நான்காவது கியரில் இழுத்தால் உள்ளே டொக் டொக் என்று தட்டலாம். அது பிஸ்டனைத் தின்னும் சத்தம்.

எத்தனால் கதையும் உண்டு. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீத எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் இறங்கிவிடும். அதனால் ஏஎஃப்ஆர் என்கிற இந்தக் காற்று-பெட்ரோல் விகித எண்ணை நம்பாமல் லாம்டாவில் பாருங்கள். பெட்ரோல் எதுவானாலும் ஒன்று என்றால் சரியான கலவை. நிதான ஓட்டத்தில் ஒன்று, முழு த்ராட்டிலில் 0.87 பக்கம். சைலன்சர் பைப்பில் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. காதால் கேட்டுச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

த்ராட்டிலை விட்டால் பட்பட் என்று வெடிக்கிற மேப் போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். த்ராட்டிலை மூடியதும் பெட்ரோலை நிறுத்துவது ஈசியூவின் வழக்கம். அதைக் கெடுத்து எரியாத பெட்ரோலைப் பைப்புக்குள் தள்ளினால்தான் அந்தச் சத்தம் வரும். கன்வர்ட்டர் உள்ளே உருகிப்போகும். தோட்டத்து லயங்கள் வழியாக ராத்திரி போகிற வண்டி அப்படி வெடித்தால் தூங்குகிற குழந்தை என்ன ஆகும்?

கேரளா செக்போஸ்டில் பிடித்தால் ஈசியூவைக் கண்டுபிடிப்பார்களா? (கூடலூர்)

முதலில் கண்ணில் படுவது சைலன்சர். ஆனால் கேள்வியையே மாற்றிக் கேளுங்கள் தம்பி. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. புகை, சத்தத்துக்கு 190-ஆம் பிரிவில் முதல்முறையே 10,000 வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் நிற்கலாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் கேரள வழக்கு ஒன்றில்தான். சட்டம் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. கன்வர்ட்டரை எடுத்துவிட்டு, சென்சாரை அணைத்து வைக்கிற மேப் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஆகாது. அதை நான் செய்வதில்லை.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டியூனர் வாங்கலாமா? (போடி)

பெரும்பாலும் நடக்காது. பவர் விஷன் போன்ற டியூனர்கள் முதல் வண்டியின் மேப்பைப் படித்ததும் அந்த ஈசியூவோடு பூட்டிக்கொள்ளும். அடுத்த வண்டிக்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். வண்டியை விற்கும்போதும் இதை மறக்காதீர்கள். கருவியை வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் பயனில்லை.

சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்தால் மேப் காணாமல் போய்விட்டது. (வண்டிப்பெரியாறு)

அங்கே சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருப்பார்கள், அது மேலே எழுதிவிடும். இதை அவர்கள் கவனிக்கவும் முடியும். மேப்புக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, அது மாறியிருந்தால் கணினியில் தெரியும், வாரண்டி போகலாம். சர்வீஸுக்கு விடும் முன் ஒரிஜினலைத் திரும்ப எழுதுங்கள். அப்டேட் ஆகி வந்தால் பழைய மேப்பை அப்படியே ஏற்றாமல் புதிய ஒரிஜினலை முதலில் படித்துச் சேமியுங்கள். அந்த ஃபைலைப் போனில், கணினியில், பென் டிரைவில் என்று மூன்று இடத்தில் வையுங்கள், பெயரில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கட்டும். என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு ஒரிஜினல் ஃபைல் எங்கே என்றே தெரியவில்லை. அதைத் தேடிப் பிடிக்க அலைவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று அண்ணே. வண்டி கொஞ்ச நாளாகத் திணறுகிறது, ஃபிளாஷ் போட்டால் சரியாகுமா? (சின்னமனூர்)

ஆகாது. ஏர் ஃபில்டர், பிளக், செயின், டேங்கில் தண்ணீர், இன்ஜெக்டர் அடைப்பு, இந்த வரிசையில் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு என்றால் டேங்கிலிருந்து தொடங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கோடு தெரியும். கோடு தெரிந்தால் டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் திணறினால் வண்டியோடு வாருங்கள்.