சீ பிளேன் இருட்டில் பறக்காது, அது ஏஜென்சிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

கல்லடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி இரண்டு மாதம்தான். மட்டக்களப்பு டவுனில் ஒரு டிராவல்ஸில் மாலைதீவுக்கு நான்கு இரவுப் பேக்கேஜ் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் 680,000 ரூபாய். டிக்கெட், ரிசோர்ட், சாப்பாடு, ரிசோர்ட் தீவுக்குக் கூட்டிப்போகும் சீ பிளேன் எல்லாம் அதற்குள். இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கட்டுநாயக்காவில் இறங்கி, பின்னேரம் வரை காத்திருந்து, மாலே நேரம் 5.15க்குத் தரையிறங்கியிருக்கிறார்கள். குடிவரவு, சூட்கேஸ் எல்லாம் முடித்து வெளியே வர ஆறு மணி. ரிசோர்ட் கவுண்டரில் நின்ற பிள்ளை, "இன்றைக்கு இனி சீ பிளேன் இல்லை, நாளைக் காலைதான்" என்று சொல்லிவிட்டது. அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் 95 டொலருக்கு ஒரு அறை, டாக்ஸி, சாப்பாடு எல்லாம் கைக்காசு. மறுநாள் ரிசோர்ட்டுக்குப் போனால் முதல் இரவுக்கான காசு திரும்பாது என்கிறார்கள், அதோடு கிரீன் டாக்ஸ் என்று 72 டொலர் வேறு. ஊர் வந்து கேட்டதற்கு ஏஜென்சிக்காரர், "பிளேன் பறக்காததுக்கு நாங்கள் என்ன செய்வது, நாங்கள் வெறும் ஏஜெண்ட், ரிசோர்ட்டைக் கேளுங்கள்" என்கிறாராம். தம்பியின் கேள்விகள்: பொலிசுக்குப் போகலாமா, முதல் நாளே மனைவி அழுத அழுகைக்கு நட்டஈடு கிடைக்குமா.

தம்பி, முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் நாள் மாலேயில் கெடவில்லை. நீங்கள் பஸ் ஏறுவதற்குப் பல நாள் முன்பே, இங்கே, அந்த ஏஜென்சி மேசையில் டிக்கெட் போட்டபோதே கெட்டுவிட்டது.

மாலைதீவில் சீ பிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். ஓடுபாதை விளக்கு எதுவும் இல்லாமல் கடல் தண்ணீரில் இறங்குகிற விமானம், இருட்டில் எப்படி இறங்கும்? மாலே பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. அதனால்தான் சீ பிளேன் வைத்திருக்கும் ரிசோர்ட்டுகள் பின்னேரம் மூன்று, மூன்றரைக்குள் வந்து இறங்கும்படி கேட்பார்கள். இதெல்லாம் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. மாலைதீவுப் பேக்கேஜ் விற்று அதில் இலாபம் எடுப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். 5.15 விமானத்தையும் சீ பிளேனையும் ஒரே நாளில் சேர்த்துப் போட்டது அவருடைய கை. நீங்கள் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் அவரே எழுதியிருக்கிறார், "5.15க்கு இறங்கி உடனே சீ பிளேன், 7 மணிக்கு ரூமில் நிற்பீர்கள்" என்று. அந்த ஒரு வரி போதும். அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் பரிமாற்றச் சட்டம் வந்த பிறகு இப்படியான செய்திகளும் சாட்சியமாக ஏற்கப்படும்.

"நாங்கள் வெறும் ஏஜெண்ட்" என்கிற கதைக்கு வருவோம். பிளேன் பறக்கவில்லை என்றோ, ரிசோர்ட் அறை அழுக்கு என்றோ நீங்கள் கேட்டிருந்தால் அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருந்திருக்கும். நீங்கள் கேட்பது அது இல்லை. பயணத்தை ஒழுங்கு செய்து தருகிற சேவையை அவர்தான் விற்றார், காசும் அவருடைய ரசீதில்தான் வாங்கினார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி, வியாபாரமாகச் சேவை வழங்குகிற ஒருவர் அதை உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 30 ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே ரிசோர்ட்டைத் துரத்தி மாலைதீவுச் சட்டத்துக்குள் போய் விழ வேண்டாம். ஒப்பந்தம் இங்கே நடந்தது, ஆள் இங்கே இருக்கிறார், கேள்வியும் இங்கேதான்.

ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "தாமதங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். காசு கொடுத்து ஒப்பந்தம் முடிந்த பிறகு கையில் தரும் தாளில் புது நிபந்தனை நுழைக்க முடியாது. முன்னமே காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை வேறு, அதை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, இங்கே தாமதமே நடக்கவில்லையே! விமானம் சொன்ன நேரத்துக்குத்தான் இறங்கியது. (விமானம் பிந்தியிருந்தால் சர்வதேச விமானப் பயணங்களுக்கான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் விமானக் கம்பனியைக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு வருடக் காலவரையறை இருக்கிறது.)

பொலிஸ் வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையில் மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஆள் கவனமில்லாமல் வேலை செய்தார், கள்ளமாகச் செய்ததாகத் தெரியவில்லை. மறுநாள் காலை அதே சீ பிளேன் சீட்டில்தான் போயிருக்கிறீர்கள். சீட்டே போடாமல் காசை மட்டும் வாங்கியிருந்தால் நானே உங்களைப் பொலிசுக்கு அனுப்பியிருப்பேன்.

அழுகைக்கு வருவோம். 1973 ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பறிக்கைகளில் ஒரு வழக்கு இருக்கிறது, சட்டம் படித்த எவரும் மறக்க மாட்டார்கள். ஒரு சட்டத்தரணி நத்தார் விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போகிறார். விளம்பரத்தில் விருந்து, கூட்டாளிகள், பாட்டு என்று எல்லாம் இருக்கிறது. போனால் இரண்டாவது வாரம் முழுக்க அந்த வீட்டில் விருந்தாளி என்று அவர் ஒருவர்தான். பாடகர் என்று வந்தவர் வேலைக்குப் போட்ட உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். நீதிபதி டெனிங் பிரபு அந்த ஏமாற்றத்துக்கும் சேர்த்து 125 பவுண் கொடுத்தார், அந்த மனிதர் கட்டிய தொகையே 63 பவுண் சொச்சம்தான். எனக்குப் பிடித்த தீர்ப்பு. ஆனால் நம்முடைய ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ரோம-டச்சுச் சட்டம். அதில் ஒப்பந்த மீறலுக்கு நட்டஈடு என்பது பொதுவாகக் காசில் கணக்குப் பார்க்கக்கூடிய நட்டத்துக்குத்தான். கடிதத்தில் மனவுளைச்சலையும் ஒரு வரி எழுதுங்கள், பேரம் பேச உதவும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கணக்கு இப்படி: ஹுல்ஹுமாலே அறை 95 டொலர், டாக்ஸி, அன்றிரவுச் சாப்பாடு. ஊரில் யாராவது "ரோட்டிலா படுத்தீர்கள், நல்ல அறையில்தானே" என்று சிரித்தால் விடுங்கள், நட்டம் கூடாமல் நியாயமான விலைக்கு அறை எடுப்பதுதான் சட்டம் எதிர்பார்ப்பது; 400 டொலர் ஹோட்டலுக்குப் போயிருந்தால்தான் பிரச்சினை. அப்புறம் ரிசோர்ட்டில் வீணாகிய முதல் இரவு. 680,000 ஐ நான்கால் பிரித்துக் கேட்க வேண்டாம், டிக்கெட்டையும் சீ பிளேனையும் நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள். ஓரிரவு வாடகை எவ்வளவு என்று ரிசோர்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். அதே ஈமெயிலில் இதையும் கேளுங்கள்: பதிவை உறுதிசெய்தபோது, பின்னேரத்துக்குப் பிறகு வருபவர்களுக்கு அன்றே சீ பிளேன் கிடையாது என்று ஏஜென்சிக்கு அறிவித்தீர்களா, அறிவித்திருந்தால் அதன் பிரதி தாருங்கள் என்று. அந்தத் தாள் கிடைத்தால் ஏஜென்சிக்காரருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

கிரீன் டாக்ஸ் தனி விஷயம். அது மாலைதீவு அரசாங்கத்தின் வரி, 2025 ஜனவரியிலிருந்து ரிசோர்ட்டுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டொலர். இரண்டு பேர், மூன்று இரவு, 72 சரிதான். ரிசோர்ட் ஏமாற்றவில்லை. உங்கள் வவுச்சரிலோ செய்தியிலோ "எல்லா வரியும் சேர்த்து" என்று இருந்தால் ஏஜென்சியிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது என்னவென்றால், தொகையை எழுதி, 14 நாள் தவணை கொடுத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். பதில் வராவிட்டால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் பாவனையாளர் அதிகாரசபைப் பிரிவுக்கு எழுத்தில் முறைப்பாடு. சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஏஜென்சிக்காரர் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று இழுப்பதை நம்பி அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம். அங்கேயும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. இந்தச் சின்னத் தொகைக்கு அங்கே போகாமல் நேரே வழக்குப் போட முடியாது. இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம். மத்தியஸ்த சபையில் எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, நீங்களும் அவரும் நேருக்கு நேர் இருந்து பேச வேண்டும், உண்மையில் இப்படியான பிணக்குகள் அங்கே முடிவது அதிகம். வழக்குக்கு அவசரமில்லை. எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று.

மச்சான் பேஸ்புக்கில் ஏஜென்சியின் பெயரும் முதலாளியின் படமும் போட்டு "கள்ளன்" என்று எழுதியிருப்பதாகக் கடைசியில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது என்பது சரி, ஆனால் சிவில் வழக்குப் போட இன்னும் வழி இருக்கிறது. 95 டொலர் கேட்கப் போன இடத்தில் மச்சானுக்கு வழக்கறிஞர் தேட வேண்டிவரும்.