பதில்: வேலை போனது உங்கள் எண்ணத்தால் இல்லை

வேலை போய் ஆறு மாதம், கடன் தவணை நெருக்குகிறது, தியான வகுப்பு எடுப்பவரோ "உன் எதிர்மறை எண்ணம்தான் இதை இழுத்து வந்தது" என்கிறார், இப்போது பயப்படவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், அவர் சொன்னது அபத்தம். நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, பட்டியலில் நீங்களும் இருந்தீர்கள், அவ்வளவுதான்.

தியானத்தால் தூக்கம் வருகிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வேலை கிடைத்துவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்கிறாரே, அதில்தான் எனக்குச் சந்தேகம். காப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் படிப்பை முடித்து வேலை தேடியவர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்: இனிய கனவில் அதிகம் திளைத்தவர்கள் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள், கிடைத்த வேலை வாய்ப்பும் சம்பளமும்கூடக் குறைவு. கிடைக்கும் என்று நம்பிக்கையோடு எதிர்பார்த்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை, அது வேறு விஷயம். மனம் கனவிலேயே பாதி திருப்திப்பட்டுவிடுகிறது போல.

அப்புறம், துக்கம் உண்டு என்பதில்தான் புத்தரே தொடங்கினார். அவரை யாரும் எதிர்மறை ஆள் என்று வகுப்பிலிருந்து வெளியே அனுப்பவில்லை!

அழுகை வந்தால் அழுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் பேசி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று கேளுங்கள், தவறிய பிறகு பேசுவது இன்னும் கஷ்டம். வீட்டில் உண்மையான கணக்கைச் சொல்லிவிடுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டுவதை இந்த மாதமே நிறுத்துங்கள்.